எந்த மௌன ராகம்?

2020 ஜனவரி, ஒரு வெள்ளிக்கிழமை காலை. மின்னசோட்டாவில் வெளியே மைனஸ் பதினெட்டு. ஆபீஸ் போகும் முன் வழக்கம்போல ஊருக்கு போன் போட்டேன். நமக்குக் காலை என்றால் அங்கே ராத்திரி. கோவிந்தாபுரத்தில் அம்மா எடுத்தார்.

"அப்புறமாப் பேசறேன் கண்ணு. மௌன ராகம் ஓடிட்டு இருக்குது."

எனக்கு ஒரே சந்தோஷம். ரேவதி, மோகன், கார்த்திக். அப்பா இருந்தவரை எங்கள் வீட்டில் தேசிய கீதம் மாதிரி ஓடிய படம். "எந்த டி.வி.லம்மா போடறாங்க?" என்று கேட்டேன்.

"படமில்ல சாமி, சீரியல்."

"ஓ.. அந்த விஜய் டி.வி. சீரியலா?"

"அதுவும் பாக்கறேன். இப்ப ஓடறது மலையாளம். பக்கத்து வீட்டு சேச்சி வந்து உக்காந்திருக்கா. வெச்சுடட்டுமா?"

வைத்துவிட்டார். கையில் காபியோடு நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரே பெயரில் அம்மாவுக்கு இரண்டு, எனக்கு ஒன்று. அன்றைக்கு எனக்கு வந்தது எரிச்சல்தான், மறைப்பானேன். அந்த எரிச்சல் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன், பொறுத்தருள்க.

ஆன்டெனா காலம்

எங்கள் ஊர் தெரியாதவர்களுக்கு: பொள்ளாச்சியிலிருந்து அம்பராம்பாளையம் வழியாகக் கொல்லங்கோடு, திருச்சூர் போகிற ரோட்டில், தமிழ்நாடு முடிந்து கேரளம் ஆரம்பிக்கும் இடம் கோவிந்தாபுரம். செக்போஸ்ட், லாரி வரிசை, டீக்கடை. ஒரு பக்கம் முதலமடை மாந்தோப்புகள், தள்ளி நெல்லியாம்பதி மலை. ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுச் சண்டை தமிழில். பாலக்காட்டு எல்லைக்காரர்கள் எல்லாருக்குமே இது புரியும். இடுக்கியில் மூணாறு, வண்டிப்பெரியாறு பக்கம் வளர்ந்தவர்களுக்கும் இதே கதைதான்.

எங்கள் வீட்டுக் கூரையில் மூங்கில் கழியில் கட்டிய ஆன்டெனா இருந்தது. ஒரு பக்கம் திருப்பினால் தமிழ், இன்னொரு பக்கம் திருப்பினால் மலையாளம். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15ல் ஆரம்பித்தது. திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாளத்தில் நிகழ்ச்சிகள் தர ஆரம்பித்தது 1985ல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'ஒளியும் ஒலியும்' வருமென்றால் கழியைத் திருப்ப நான்தான் கூரை ஏற வேண்டும். "இன்னும் கொஞ்சம்.. இன்னும் கொஞ்சம்.. ஐயோ போச்சு!" என்று கீழேயிருந்து குரல் வரும். அந்த நிகழ்ச்சியின் பெயரைச் சரியாக உச்சரித்தால் அப்பா நாலணா தருவார். எந்த 'ளி' முதலில், எந்த 'லி' அடுத்து என்று நாக்குச் சுளுக்கும். பக்கத்து வீட்டுச் சேச்சிக்கோ ளகரமும் லகரமும் தண்ணீர் பட்ட பாடு. அந்த நாலணாக்கள் பெரும்பாலும் அவர் மகனுக்கே போயின.

1993ல் எல்லாம் மாறியது. அந்த ஏப்ரலில் சன் டி.வி. வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஏஷியாநெட். கேபிள்காரர் ஒரே வயரில் இரண்டையும் கொடுத்தார். கூரை ஏறும் வேலை எனக்கு மிச்சம். ஆன்டெனா கழி துணி காயப்போடப் பயன்பட்டது.

அப்பாவின் நோட்டு

அப்பா செக்போஸ்ட் பக்கத்தில் ஒரு சின்ன ரிக்கார்டிங் கடை வைத்திருந்தார். 80களிலும் 90களிலும் ஊருக்கு ஊர் இருந்ததே, அந்தக் கடை. பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் வெற்று கேசட்டில் பதிந்து தருவார்கள். இன்றைய கணக்கில் அது திருட்டு. அன்றைக்கு எங்களுக்கு அது சோறு. இரண்டையும் ஒப்புக்கொண்டு மேலே போகிறேன்.

அந்தக் காலத்தில் நாம் 'ஆல்பம்' என்று சொன்னதில்லை. 'மௌன ராகம் பாட்டு', 'மண்வாசனை பாட்டு' என்றுதான் பேச்சு. படத்தின் பெயர்தான் பாட்டுத் தொகுப்பின் பெயர். ஆங்கிலக்காரர்களுக்குப் பாடகர் பெயரும் ஆல்பம் பெயரும் தனித்தனி. நமக்குப் படம் தியேட்டரை விட்டுப் போன பிறகும் அந்தப் பெயர் கேசட் உறையில் உயிரோடு இருக்கும். 'கதை வசனம்' கேசட்டுகளும் உண்டு. 1984ல் வந்த 'விதி' படத்தின் வசனத்தை டீக்கடைகளில் எத்தனை தடவை கேட்டிருப்போம்!

60 நிமிஷ கேசட் என்றால் பக்கத்துக்கு அரை மணி. ஒரு படத்தின் அஞ்சு பாட்டு ஒரு பக்கத்தில் அடங்கும். அதனால் ஒரு கேசட்டுக்கு இரண்டு படம். அப்பா ஒரு நீள நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைப்பார். முதலில் படத்தின் பெயர் மட்டும்தான் எழுதினார். 1995க்குப் பிறகுதான் நோட்டில் மாற்றம். காரணம் ஒரு தகராறு.

வடவன்னூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்து 'நாடோடி மன்னன்' கேட்டிருக்கிறார். கடைப் பையன் பதிந்து கொடுத்துவிட்டான். மறுநாள் பெரியவர் கேசட்டை மேஜைமேல் போட்டு, "இதாரு? எம்ஜியார் எங்கே?" என்று சத்தம் போட்டார். அவர் கேட்டது 1958ல் எம்.ஜி.ஆர். நடித்து இயக்கிய படம். பையன் பதிந்தது 1995ல் வந்த சரத்குமார் படம். வடவன்னூர் என்றால் சும்மாவா? எம்.ஜி.ஆரின் தாயார் சத்தியபாமாவின் ஊர் அது. அங்கே அவர் வீடு இன்றைக்கு நினைவில்லமாக நிற்கிறது. அந்த ஊர்க்காரரிடம் போய் வேறொரு நாடோடி மன்னனைக் கொடுக்கலாமா?

அன்றிலிருந்து அப்பா பெயரோடு இசையமைப்பாளர் பெயரும் வருஷமும் சேர்த்து எழுத ஆரம்பித்தார். "பேர் யாருக்கு வேணும்னாலும் இருக்கும்டா. வருஷத்தையும் போட்டாத்தான் ஆளு யாருன்னு தெரியும்" என்பார். பின்னால் வரப்போகும் டி.வி. சீரியல் காலத்துக்கும் அந்தச் சூத்திரம் பொருந்தும் என்று அவருக்கே தெரியாது.

சித்தி தொடங்கி வைத்த வழக்கம்

பழைய படப் பெயரில் சீரியல் வருவது எப்போது பழக்கமானது என்று யோசித்தால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 'சித்தி'. 1999 டிசம்பரில் சன் டி.வி.யில் ஆரம்பித்து 2001 நவம்பர் வரை ஓடியது. ராதிகா நடித்தார். தலைப்புப் பாட்டுக்கு இசை தினா, எழுதியவர் வைரமுத்து, பாடியவர் நித்யஸ்ரீ மகாதேவன். சினிமாப் பாட்டுக்குச் சமமாகத் தெருவெல்லாம் கேட்ட சீரியல் பாட்டு அது. அதே தினாதான் பிறகு 'மெட்டி ஒலி'க்கும் இசையமைத்தார், 2003ல் 'திருடா திருடி' பாட்டுகளால் சினிமாவிலும் நின்றார்.

ஆனால் 'சித்தி' என்ற பெயர் அதற்கு முன்பே இருந்தது. 1966ல் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய படம். பத்மினி, ஜெமினி கணேசன், எம்.ஆர். ராதா. இசை எம்.எஸ். விஸ்வநாதன். எம்.ஆர். ராதாவின் மகள்தான் ராதிகா. அப்பா நடித்த படத்தின் பெயரிலேயே 33 வருஷம் கழித்து மகள் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தார்.

அதே நிறுவனத்தின் அடுத்த தொடர்களைப் பாருங்கள். 2002ல் 'அண்ணாமலை'. 1992ல் வந்த ரஜினி படத்தின் பெயர், தேவா இசை. 2013ல் 'வாணி ராணி'. இது 1974ல் வந்த படத்தின் பெயர். கே.வி. மகாதேவன் இசை, வாணிஸ்ரீக்கு இரட்டை வேடம். சீரியலிலும் ராதிகாவுக்கு இரட்டை வேடம். பெயரைச் சும்மா எடுக்கவில்லை, அந்தப் பெயர் கேட்டதும் நமக்குள் எழும் எதிர்பார்ப்பையும் சேர்த்தே எடுத்திருக்கிறார்கள்.

2003 முதல் 2009 வரை, 1500 அத்தியாயத்தைத் தாண்டி ஓடிய 'கோலங்கள்' பெயரும் பழையதுதான். 1995ல் ஐ.வி. சசி இயக்கி, ஜெயராமும் குஷ்பூவும் நடித்த படம் உண்டு. இசை இளையராஜா. இயக்குநரும் நாயகனும் மலையாளிகள் என்பதால் எங்கள் ஊரில் அந்தப் படத்துக்குக் கொஞ்சம் சொந்தம் ஜாஸ்தி. இன்று 'கோலங்கள்' என்று சொன்னால் ஜெயராமை யார் நினைக்கிறார்கள்? எல்லாருக்கும் தேவயானிதான்.

2010க்குப் பிறகு கதவு முழுசாகத் திறந்துவிட்டது. 'கல்யாணப் பரிசு' 1959ல் ஸ்ரீதர் இயக்கிய முதல் படம், ஏ.எம். ராஜாவின் இசை. 2014ல் சன் டி.வி. சீரியல். 'சின்னத் தம்பி', 'ராஜா ராணி', 'நெஞ்சம் மறப்பதில்லை' மூன்றும் 2017ல் விஜய் டி.வி.யில். 'ஈரமான ரோஜாவே' 2018ல். 'அன்பே வா', 'பூவே உனக்காக', 'வானத்தைப்போல' மூன்றும் 2020ல் சன் டி.வி.யில். 'நினைத்தாலே இனிக்கும்' 2021ல் ஜீ தமிழில். இந்தப் பட்டியலை முடிக்க முடியாது. நான் எழுதி முடிப்பதற்குள் இன்னொன்று தொடங்கியிருக்கும்.

ராஜஸ்தானத்து மண்வாசனை

இன்னொரு கிளைக்கதை உண்டு. இந்தி சீரியல்களைத் தமிழில் மொழிமாற்றி ஒளிபரப்பிய காலம் நினைவிருக்கிறதா? பாத்திரங்களின் பொட்டும் புடவையும் வடக்கு, பேச்சு மட்டும் தமிழ். உதடும் வசனமும் வேறு வேறு ஊருக்குப் போகும். அந்நியமாகத் தெரியும் கதையை நம் வீட்டு ஆளாக்க எளிய வழி என்ன? நமக்குப் பழகிய பெயரை வைப்பது.

ராஜஸ்தானத்துக் குழந்தைத் திருமணக் கதையான 'பாலிகா வது' ராஜ் டி.வி.யில் 'மண் வாசனை' ஆனது. 1983ல் பாரதிராஜா எடுத்த 'மண்வாசனை' ரேவதிக்கு முதல் படம், இளையராஜா இசை. தேனி மண்ணின் வாசனை அப்படியே ராஜஸ்தான் மணலுக்கு மாறிப்போனது. 'உத்தரன்' அதே ராஜ் டி.வி.யில் 'சிந்து பைரவி' ஆனது. கே. பாலசந்தரின் 1985 'சிந்து பைரவி' சங்கீதக்காரனின் கதை. இளையராஜாவுக்கும் சுஹாசினிக்கும் சித்ராவுக்கும் தேசிய விருது வாங்கித் தந்த படம். அந்தப் பெயர் ஒரு ராகத்தின் பெயர் என்பதே சீரியல் பார்த்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பாலசந்தர் தன் கதையைத் தானே சீரியலாகத் தொடர்ந்தபோது பழைய பெயரை வைக்காமல் 'சஹானா' என்று இன்னொரு ராகத்தின் பெயரை வைத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

'மூன்று முடிச்சு' கணக்கு இன்னும் வேடிக்கை. 1976ல் பாலசந்தர் படம், எம்.எஸ்.வி. இசை. பிறகு பாலிமர் டி.வி.யில் 'சசுரால் சிமர் கா' என்ற இந்தித் தொடரின் தமிழ்ப் பெயர் 'மூன்று முடிச்சு'. 2024ல் சன் டி.வி.யில் புதிதாக ஒரு 'மூன்று முடிச்சு'. ஆக முடிச்சு மூன்றும் போட்டாயிற்று!

சரி, இப்போது எங்கள் அம்மாவின் 'மௌன ராக'த்துக்கு வருவோம். மணிரத்னத்தின் படம் 1986. இளையராஜா இசை, வாலி பாடல்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் பேசாமல் இருக்கும் மௌனம் அது. விஜய் டி.வி. சீரியல் 2017ல் தொடங்கியது. அதன் மூலம் 'போட்டோல் குமார் கான்வாலா' என்ற வங்காளத் தொடர். அப்பாவைத் தேடும், நன்றாகப் பாடத் தெரிந்த சிறுமியின் கதை. இதே கதையை ஏஷியாநெட் மலையாளத்தில் எடுத்தபோது வைத்த பெயர் 'வானம்பாடி'. அதுவும் நமக்குப் பழைய பெயர்தான். 1963ல் கண்ணதாசன் தயாரித்த படம், கே.வி. மகாதேவன் இசை. பிறகு 2019 டிசம்பரில் ஏஷியாநெட் 'மௌனராகம்' என்ற பெயரிலேயே வேறொரு தொடரைத் தொடங்கியது. அது தெலுங்கிலிருந்து வந்த கதை, நாயகி வாய் பேச முடியாத பெண்.

மூன்று மௌனமும் மூன்று விதம். கேபிள் வயர் ஒன்றுதான். எல்லையில் இருக்கிற ஒரு வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் 'மௌன ராகம் ஆரம்பிச்சாச்சு' என்றால், எந்த மொழி என்று கேட்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போக முடியாது.

பெயருக்கு உரிமை உண்டா?

இப்படி எடுத்துக்கொண்டே போகிறார்களே, கேட்பார் இல்லையா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. இந்தியச் சட்டப்படி வெறும் தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது. 'தேசி பாய்ஸ்' என்ற இந்திப் படத்தின் பெயர் குறித்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 அக்டோபரில் இதைத் தெளிவாகச் சொல்லியது. கதைக்கு உரிமை உண்டு, பாட்டுக்கு உண்டு, மெட்டுக்கு உண்டு. இரண்டு மூன்று சொற்களாலான தலைப்பு மட்டும் தனியாக ஒரு படைப்பு ஆகாது என்பது வாதம். சினிமாக்காரர்கள் சங்கத்தில் தலைப்பைப் பதிவு செய்வது அவர்களுக்குள் இருக்கும் ஏற்பாடு. வணிகச் சின்னமாகப் பதிந்து பாதுகாப்பது வேறு விஷயம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை 'சரிகம'. 1995ல் ஜீ டி.வி.யில் 'ச ரி க ம' என்று ஒரு இந்திப் பாட்டுப் போட்டி வந்தது. சோனு நிகம் தொகுத்து வழங்கினார். பிறகு ஒரு 'ப' சேர்ந்து, தமிழிலும் 'சரிகமப' ஆகி இன்றைக்கு நம் வீட்டுக் குழந்தைகள் வரை வந்துவிட்டது. இன்னொரு பக்கம், நாய் படம் போட்ட எச்.எம்.வி. இசைத்தட்டுகளை வெளியிட்ட கிராமஃபோன் கம்பெனி ஆஃப் இந்தியா, 2000ல் தன் பெயரை 'சரிகம' என்று மாற்றிக்கொண்டது. ஒன்று டி.வி. நிகழ்ச்சி, ஒன்று இசைக் கம்பெனி. சரளி வரிசை பாடும் எல்லாக் குழந்தைகளுக்கும் சொந்தமான நாலு ஸ்வரம், இரண்டு பேர் வாசலிலும் பலகையாகத் தொங்குகிறது.

அந்த இசைக் கம்பெனியே சீரியலும் எடுக்கிறது. 2018 முதல் 2022 வரை சன் டி.வி.யில் ஓடிய 'ரோஜா' அவர்கள் தயாரிப்புதான். 'ரோஜா' என்றதும் என் வயதுக்காரர்களுக்கு என்ன தோன்றும்? 1992 ஆகஸ்ட் 15. ஏ.ஆர். ரஹ்மான் என்ற புதுப்பையன். முதல் படத்திலேயே தேசிய விருது. 2005ல் அமெரிக்காவின் டைம் பத்திரிகை எல்லாக் காலத்திலும் சிறந்த பத்து படத் தொகுப்புகளில் ஒன்றாகச் சேர்த்த இசை. அப்பா கடையில் அந்த வருஷம் 'ரோஜா'வைத் தவிர வேறு எதையும் பதிந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

வெளிநாட்டிலும் டி.வி. நிகழ்ச்சியும் இசை ஆல்பமும் ஒரே பெயரில் வருவதுண்டு. ஆனால் அங்கே பெரும்பாலும் இரண்டும் ஒரே பொருள். எம்.டி.வி.யின் 'அன்பிளக்ட்' நிகழ்ச்சியில் எரிக் கிளாப்டன் வாசித்ததுதான் 1992ல் 'அன்பிளக்ட்' என்ற ஆல்பமாக வந்து கிராமி வாங்கியது. நிர்வாணா குழு 1993 நவம்பரில் நியூயார்க்கில் வாசித்தது, மறு வருஷம் அதே பெயரில் ஆல்பம். டி.வி.யில் பார்த்ததைக் கடையில் வாங்கலாம். நம் ஊரில் தலைகீழ். முதலில் பாட்டு, அதற்கு இருபது முப்பது அறுபது வருஷம் கழித்து டி.வி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரே பாலம் நம் ஞாபகம். அந்த ஞாபகத்துக்குத்தான் யாரும் ராயல்டி தருவதில்லை.

எலப்புள்ளிக்காரர்

பட்டியலைத் திரும்பப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. சித்தி, அன்பே வா, மூன்று முடிச்சு, நினைத்தாலே இனிக்கும், ராமமூர்த்தியோடு சேர்ந்து செய்த நெஞ்சம் மறப்பதில்லை. ஐந்தும் எம்.எஸ். விஸ்வநாதன் இசை. எம்.எஸ்.வி. பிறந்தது 1928ல், பாலக்காட்டுக்குப் பக்கத்தில் எலப்புள்ளியில். எங்கள் மாவட்டம்! 'அன்பே வா'வில் பாட்டுக்கு வாயசைத்தவர் வடவன்னூர் வீட்டுப் பிள்ளை, மெட்டுப் போட்டவர் எலப்புள்ளிக்காரர். படம் தமிழ், வேர் எங்கள் பக்கம்.

2015 ஜூலை 14ல் எம்.எஸ்.வி. காலமானார். அன்று அப்பா கடையைத் திறக்கவில்லை என்று அம்மா சொன்னார். கேசட் வியாபாரம் எப்போதோ முடிந்து, செல்போன் ரீசார்ஜ் கடையாக மாறியிருந்தது. ஆனாலும் திறக்கவில்லை. அடுத்த வருஷம் அப்பாவும் போய்விட்டார்.

கேசட் பெட்டியும் கோபமும்

அப்பா காரியத்துக்குப் போன நான் திரும்பும்போது அந்த நோட்டையும் ஒரு பெட்டி கேசட்டுகளையும் தூக்கிக்கொண்டு வந்தேன். 23 கிலோவில் தங்கமணியின் பருப்புப்பொடிக்கு இடமில்லாமல் போனது தனிக்கதை, அதற்கு இன்றைக்கும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். பெட்டியில் மேலாக இருந்தது அப்பா வீட்டுக்கென்று பதிந்த கேசட். ஏ பக்கம் 'மௌன ராகம் - இளையராஜா - 86'. பி பக்கம் 'மண்வாசனை - இளையராஜா - 83'. இரண்டு பக்கமும் இன்றைக்கு சீரியல் பெயர்கள்.

ஒரு நாள் என் மகள் வரவேற்பறையில் இருக்கும் பேசும் பெட்டியிடம் 'ப்ளே மௌன ராகம்' என்றாள். தாத்தா பாட்டு கேட்க ஆசை அவளுக்கு. அது சீரியலின் இசையைப் போட்டது. குழந்தை ரசித்துக் கேட்டுவிட்டு, "தாத்தாவுக்கு இதுதான் பிடிக்குமா அப்பா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

அந்தச் சூடு ஆறுவதற்குள் வந்ததுதான் மேலே சொன்ன ஜனவரி போன். மறுநாள் அம்மாவிடம் கொட்டிவிட்டேன். "அந்தப் பேர வெச்சுட்டுக் கண்டதையும் எடுக்கறாங்க. நீங்களும் தமிழ்ல ஒண்ணு மலையாளத்துல ஒண்ணுன்னு உக்காந்து பாக்கறீங்க. அப்பா பாட்ட ஒரு நாளாவது போட்டுக் கேட்டீங்களா? நான் வாங்கிக் குடுத்த கேரவான் பெட்டி என்னாச்சு?" பழைய பாட்டு ஐயாயிரம் அடைத்து வருகிறதே, அந்தப் பெட்டியை 2018ல் அம்மாவுக்காக வாங்கிக் கொடுத்திருந்தேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "சாப்பிட்டயா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு கொரோனா வந்தது. கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஊருக்குப் போக முடியவில்லை.

2022 டிசம்பரில் போனோம். கேரவான் பெட்டி அலமாரியில், அம்மாவின் பழைய சேலைத் துண்டில் சுற்றி, வாங்கியது மாதிரியே இருந்தது. ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது மெதுவாகக் கேட்டேன், ஏன் போடவே இல்லை என்று.

"அந்தப் பாட்டு கேட்டா நெஞ்ச அடைக்குது சாமி. உங்கப்பா கடையில போட்டா வீடு வரைக்கும் கேக்கும். அது கேட்டாச் சோறு எடுத்து வெப்பேன், அவரு வந்துடுவாருன்னு. இப்பப் போட்டா, வாசலப் பாக்கத் தோணுது."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "சீரியல்ல பாட்டு வேற, ஆளு வேற. ஒண்ணும் பண்ணாது. பேரு மட்டும் அது. தெனம் ஒரு தடவ அந்தப் பேரு வீட்டுக்குள்ள கேட்டாப் போதும்னு இருந்துச்சு."

எனக்குப் பேச வாய் வரவில்லை. பெயரைத் திருடிவிட்டார்கள், ஞாபகத்தை அழித்துவிட்டார்கள் என்றெல்லாம் நான் இங்கே பனியில் நின்று பொருமிக்கொண்டிருந்தேன். அங்கே அதே பெயரைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு மனுஷி ராத்திரிகளைத் தாண்டியிருக்கிறார். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு, எது உண்மையான மௌன ராகம் என்று அம்மாவுக்குப் பாடம் எடுத்தது எவ்வளவு பெரிய மடத்தனம்! மன்னிப்புக் கேட்டேன். "போடா பைத்தாரா" என்று எழுந்து போய்விட்டார்.

என் வருத்தம் முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அம்மாவுக்கு இரண்டும் தெரியும், அதனால் ஒன்றை மூடி வைத்து இன்னொன்றைப் பார்க்க முடிகிறது. என் மகளுக்கு எது முதலில் வந்தது என்பதே தெரியாது. தேடினால் புதியதுதான் முதலில் வந்து நிற்கிறது. 1500 அத்தியாயம் ஓடியதன் முன்னால் அஞ்சு பாட்டு எங்கே நிற்கும்? நாம் சொல்லிக் கொடுக்காவிட்டால் பெயர் மிஞ்சும், பாட்டு போய்விடும்.

அதனால் கடந்த குளிர்காலத்தில் ஒரு வேலை செய்தோம். பழைய டேப் ரிக்கார்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து, அப்பாவின் கேசட்டுகளை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினோம். சிலது பூஞ்சை பிடித்துப் போயிருந்தது, சிலது நாடா சிக்கி அறுந்தது. வந்தவரை லாபம். மகள்தான் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள். தாத்தாவின் நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டித் தமிழில் படித்து, அதே முறையில்: படத்தின் பெயர், இசையமைப்பாளர், வருஷம். அவள் தமிழ் படித்ததில் அந்த நோட்டுக்கும் பங்கு உண்டு.

உங்கள் வீட்டுப் பரணிலும், ஊரில் அம்மா அப்பாவின் பீரோவுக்கு அடியிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது எடுத்து வாருங்கள். ஏற்றும்போது வெறும் பெயரை மட்டும் போடாதீர்கள், வருஷத்தையும் போடுங்கள். யார் பதிந்தது, யாருக்காக என்று தெரிந்தால் அதையும் ஒரு வரி எழுதி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.

போன வாரம் அம்மாவுக்கு போன் செய்தேன். பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. "என்னம்மா ஓடுது?" என்றேன்.

"மூன்று முடிச்சு."

"எந்த.." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டேன். "சரிம்மா, பாருங்க. நான் அப்புறமாக் கூப்பிடறேன்."

பி.கு.: பருப்புப்பொடி விஷயத்தில் இன்னும் மன்னிப்பு கிடைக்கவில்லை. இந்தத் தடவை ஊரிலிருந்து வரும்போது கேசட் எதுவும் இல்லை, இரண்டு கிலோ பொடி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.